அழுகைக்கு ஒதுக்கிய நேரம்

வைகாசி பதினேழு, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் பெருக்கி, பால் வாங்கிக் காய்ச்சினேன். தனி ஆளுக்கு ஒரு டம்ளர் போதும். மீதியை உறை ஊற்றி வைத்தேன். எட்டு மணிக்கு லாரிப் பட்டறையில் ஸ்டோர் ரூமைத் திறந்து, வெல்டிங் ஆட்களுக்கும் பெயிண்டருக்கும் வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்கு மேல் விடுப்பு சொல்லியிருந்தேன். அன்று மாலை எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா நாடகம். ஸ்டோரைப் பூட்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, ராசிபுரம் பேருந்தில் வருகிறவரை அழைத்துவர நிறுத்தத்துக்குப் போனேன்.

அன்றைய டைரியில் இதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'ராணியம்மா வந்தார்.' மற்றதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ராணி வேடத்துக்கு வேறொருவர் வருகிறார். ராணியம்மாவின் கைபேசி எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. ஆனாலும் அந்த எண்ணை நான் அழிக்கவில்லை.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. நாடகத்தில் ஆண் வேடங்களை ஊர்க்காரர்களே போடுவார்கள். லாரி முதலாளி, டிரைவர், தீவனக் கடைக்காரர் என்று எல்லோரும் இருப்பார்கள். ராணிக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். நோட்டீஸில் ஆண்களின் பெயர்களை அப்பா பெயரோடு அச்சடிப்போம். ராணிக்கு நேராக 'சேலம் நடிகை' என்று மட்டும் இருக்கும். அவர் ஓமலூர்க்காரர். பெயர் கேட்டு யாரும் பழகவில்லை. ஊரில் எல்லோருக்கும் ராணியம்மா. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். ஆனால் மைக் இல்லாமலே ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும் குரல்.

என் வேலை திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. அவருக்கு ஒருமுறைகூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் தாத்தா காலத்தில் எழுதியது. போரில் ராஜா இறந்துபோகிறார். மகன் சிறுவன் என்பதால் ராணி அரியணையில் அமர்ந்து ஆள்கிறாள். மகன் வளர்ந்ததும் சித்தப்பனான சேனாதிபதியின் பேச்சைக் கேட்டு, கோட்டைக் கதவைப் பகைவருக்குத் திறந்துவிடுகிறான். கதவைத் திறப்பவன் தலையை எடுக்க வேண்டும் என்று ராணி முன்பே ஆணையிட்டிருக்கிறாள். திறந்தவன் தன் மகன்தான் என்று தெரிந்த பிறகும் அவள் ஆணையை மாற்றவில்லை. பிறகு தலைவிரி கோலமாக அழுகிறாள். பெண்ணாகப் பிறந்தும் ஆள ஆசைப்பட்டேனே என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு நஞ்சு குடித்துச் சாகிறாள். அழுகை மட்டும் இருபது நிமிடம். கூட்டம் அதற்குத்தான் வரும். அவர் அழ அழ ஆட்கள் மேடையேறிச் சேலையில் ரூபாய்த் தாள்களைக் குத்துவார்கள். அவர்கள் பெயர்களை மைக்கில் அறிவிப்போம்.

மறுநாள் காலையில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ராணியாக நடித்தவரைக் கோயில் முன் மணைப்பலகையில் உட்கார வைத்துப் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். மகனைக் கொன்ற தோஷம் ஊருக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. அதன் பிறகு வெற்றிலைத் தட்டு கொடுப்பார்கள். தட்டு வாங்கியவர்தான் அடுத்த ஆண்டும் ராணி. முதல் காட்சியில் ராஜா தன் பங்காளிகள் மூவரைக் கழுவேற்றுகிறார். அந்த வேடம் போட்டவருக்குத் தண்ணீர் கிடையாது. மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ராணியம்மா ஆண்டுதோறும் சொட்டச் சொட்ட எழுந்து நின்று கேட்பார்: "ராஜாவுக்கு எப்பங்க தண்ணி ஊத்துவீங்க?"

"ராஜாவுக்குச் சளி புடிச்சுக்கும் ராணிம்மா" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த ஆண்டும் கேட்பார்.

அவர் குணம் அதுதான். ராணியைப் பற்றி யார் எது சொன்னாலும் விடமாட்டார். வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வாதாடுவதைப் போல வாதாடுவார். அதற்கு இடம் பொருள் பார்க்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமையும் பேருந்திலிருந்து இறங்கி டீக்கடையில் உட்கார்ந்த உடனே ஆரம்பித்தது. மூட்டை தூக்கும் ஒருவர், "மகனைக் கொன்ன மகராசி வந்தாச்சு டோய்" என்றார்.

ராணியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் கண்ணு, உன்ற மகன் கோட்டைக் கதவைத் தொறந்து உட்டிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"நானுங்களா? பசியோட வந்திருப்பான்னு சோறு போட்டிருப்பனுங்க."

"அதான் உன்னை ஒருத்தரும் ராஜாவாக்கல."

கடையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மூட்டைக்காரரே அவருடைய டீக்கும் காசு கொடுத்தார்.

ஒப்பனைக்காரரிடமும் ஆண்டுதோறும் ஒரு சண்டை இருக்கும். ஆளும் பெண் என்றால் அவர் புருவத்தை வில் போல வளைத்து, கண்ணோரம் கரிய கோடு இழுத்து, உதட்டில் ரத்தச் சிவப்பு பூசுவார். ராணியம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி முகத்தைக் காட்டுவார். "இவளுக்குப் பகலெல்லாம் கணக்கு வழக்கு, ஏரி, வாய்க்காலுன்னு நூறு யோசனை. யோசிக்கறவளுக்குப் புருவம் நேராத்தானுங்க இருக்கும். சாதாரணமாப் போடுங்க."

ஒரு வருடம் நாற்காலியில் தகராறு வந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த பெரிய சோபாவில் ராஜா உட்கார்ந்தார். ராணி ஆளத் தொடங்கும் காட்சியில் அதை அகற்றிவிட்டுச் சிறிய நாற்காலி ஒன்றைப் போட்டார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. பொம்பளைக்கு அது போதும் என்று கை தானாகப் போயிருக்கிறது. ராணியம்மா அதைப் பார்த்தார். உட்காரவே இல்லை. ஆட்சிக் காட்சி முழுவதும் நின்றுகொண்டே ஆண்டார். அடுத்த வருடம் சோபாவை யாரும் அகற்றவில்லை.

சில சமயம் எனக்கே அவரைக் கண்டு கொஞ்சம் பயமாக இருக்கும். இளவரசன் வேடம் போட்ட டயர் கடைக்காரர், மேடையேறும் முன் எல்லோர் காலிலும் விழுந்து கும்பிடும் பழக்கமுள்ளவர். ராணியம்மா முன் குனிந்தபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வா" என்றார். குரலில் விளையாட்டு இல்லை. டயர் கடைக்காரர் என்னிடம் வந்து, "அவங்க கண்ணைப் பார்த்தா நெசமாவே தலைய எடுத்துருவாங்க போல இருக்குதுங்க" என்றார். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு, "சாப்புட்டியா சாமி?" என்று கேட்டதும் ராணியம்மாதான்.

அவர் வீட்டுக்கு ஒருமுறைதான் போயிருக்கிறேன், மாற்றி எழுதிய வசனத்தைக் கொடுப்பதற்காக. ஓமலூரில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. நுழைந்ததும் புதுத் தையல் இயந்திரம் ஒன்று உறை போட்டு நின்றது.

"தைப்பீங்களாம்மா?"

"ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க சாமி." சிரித்தார். "பொண்ணை ஈரோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கறேன். சம்பந்தி ஊட்டுல நான் தையக்காரி. வந்தா காட்டறதுக்கு ஒண்ணு வேணுமில்லீங்க?"

"வந்தாங்களா?"

"இன்னும் வரலீங்க."

இயந்திரத்தின் உறைமேல் தூசியே இல்லை. தினமும் துடைப்பார் போலிருந்தது.

திருவிழாக் காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே ஒரு மண்டபத்தில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, நான் கேட்காமலே ராணியிடம் வந்துவிட்டார். "அவளுக்கு யாருங்க இருக்கறாங்க? புருசன் செத்துப்போனான். பையனும் போயிட்டான். எழுதுன மகராசனும் அவ பக்கம் இல்ல. மொதல் வரியிலயே அவளுக்குத் தண்டனை எழுதிட்டுத்தான் கதையத் தொடங்கியிருக்கறாரு. கூலிக்கு நடிக்கற நானாவது இருக்கோணுமில்லீங்க."

திரும்பி வரும் பேருந்தில் நாடகப் பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவர் சொன்னது சரிதான். ராணி வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்து, பெண் ஆண்டு நாடு கெட்ட கதை என்று பாடிவிடுகிறான். அவ்வளவு ஆண்டுகளாக அதை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு அது ஒரு பாட்டாக மட்டும்தான் இருந்தது.

விடிய விடிய நடந்த நாடகத்துக்கு இப்போது காவல் நிலையத்தில் இரவு பத்து மணி வரைதான் அனுமதி. ஆறு மணிக்குத் தொடங்கி அதற்குள் முடிக்க வேண்டும். எதை வெட்டுவது என்று விழாக் குழு கூடிப் பேசியபோது நானும் இருந்தேன். போர் வேண்டும், கோமாளி வேண்டும், அழுகை கட்டாயம் வேண்டும். மிஞ்சியது ராணி ஆளும் காட்சிகள். ஏரி வெட்டுவதும் தீர்ப்பு சொல்வதும் போயின. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் எங்கள் ராணி மேடைக்கு வருவாள், தலையை எடுக்கச் சொல்லுவாள், அழுவாள், சாவாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம், விழாக் குழுத் தலைவரின் லாரி ஷெட்டில் ஒத்திகை. தலைவர்தான் சேனாதிபதி வேடம் போடுபவர். வெகுகாலமாகவே போடுகிறார். ராணியம்மா நேராக அவரிடம் போனார்.

"தலைவரே, தீர்ப்புக் காட்சி இந்த வருசம் வேணுமுங்க."

"நேரம் எங்கீங்க இருக்குது? பத்து அடிச்சா மைக்கப் புடுங்கிருவாங்க."

"என்ற அழுகை இருபது நிமிசம் வருதுங்களே. அதுல எடுத்துக்குங்க."

தலைவர் சிரித்தார். "நல்லா இருக்குதே. அழுவாத ராணிய யாருங்க பாப்பாங்க?"

"ஆளாத ராணிய மூணு வருசமாப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறீங்க."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கெட்டவரில்லை அவர். ஊர்க் காரியத்தைத் தவறில்லாமல் நடத்த வேண்டும் என்று நினைப்பவர். "நோட்டுக் குத்தறதெல்லாம் அந்த எடத்துலதான். நட்டம் உங்களுக்குத்தானுங்க."

"தெரியுமுங்க."

"சரி, அழுகையக் கொறச்சுக்கலாம். மன்னிப்பு மட்டும் உட்டுறாதீங்க. அது சாமி காரியம்."

"நேரம் இருந்தாச் சொல்றேனுங்க" என்றார் ராணியம்மா.

நேரம் இருந்தால் என்று அவர் சொன்னதைத் தலைவர் கவனித்தது போலத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

நாடகம் சரியாக ஆறு மணிக்குத் தொடங்கியது. தீர்ப்புக் காட்சி வந்தது. கணவன் இறந்த ஒரு பெண்ணின் கிணற்றை மைத்துனன் தன்னுடையது என்கிறான். ராணி ஓலையைக் கேட்கவில்லை, சாட்சியைக் கேட்கவில்லை. இரண்டு பேரையும் உள்ளங்கையை விரிக்கச் சொல்கிறாள். இறங்கிவந்து குனிந்து பார்க்கிறாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை எதுவோ, கிணறு அந்தக் கைக்கு என்று தீர்ப்பளிக்கிறாள். ராணியம்மா அந்தக் காட்சியை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு கையாக வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த தலைவரின் மனைவி, மடியிலிருந்த குழந்தை சிணுங்கியதைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் தலை விழுந்தபோது ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நின்ற காவலர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். ஐந்து நிமிடம்கூட இல்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து மன்னிப்பு வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அது கேட்டது. அவர் முகம் என் பக்கம் லேசாகத் திரும்பியது. பிறகு மகன் கிடந்த இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். போய் அரியணையில் உட்கார்ந்தார். கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். கிரீடம் கழலாமல் தலை பின்னால் சாய்ந்தது. திரை விழுந்தது. மைக் அணைந்தது.

யாரும் கை தட்டவில்லை. "அவ்வளவுதானா?" என்று ஒரு குரல். "அழுவவே இல்லீங்களே" என்று இன்னொரு குரல். நோட்டுக் குத்தச் சட்டைப் பையில் தாளை மடித்து வைத்திருந்தவர்கள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

தலைவர் ஒட்டுமீசையோடு பின்பக்கம் வந்தார். "ஏனுங்க, மன்னிப்பு எங்கீங்க?"

"பத்து ஆயிருச்சுங்களே."

"மகனைக் கொன்னுபோட்டு ஒரு வார்த்தை இல்லாமச் செத்துப்போனா, அது ஊருக்கு ஆகுமுங்களா?"

"இதையே ஒரு ராஜா செஞ்சிருந்தா, நாயம் காத்தவருன்னு செலை வெச்சிருப்பீங்க."

"ராஜா வேறீங்க."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

தலைவர் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தார். பெரியவர்கள் நாலு பேர் வெளியே நின்று தன்னை நெருக்குவதாகச் சொன்னார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். காலையில் மஞ்சள் நீர் ஊற்றிய பிறகு, அம்மன் முன்னால் அந்த அழுகையை முழுதாக அழுது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் வெற்றிலைத் தட்டு. கேட்காவிட்டால் தட்டு வேறு ஆளுக்குப் போகும்.

அதன் பொருள் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்த் தட்டு யாருக்கோ, சுற்றியுள்ள நான்கு ஊர்த் தட்டும் அவருக்குத்தான். எங்கள் ஊர் வேண்டாம் என்றால் அவர்களும் வேண்டாம் என்பார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ராணி வேடமே இல்லை. ஆண்டு முழுவதும் மண்டபத்துப் பாத்திரம்தான்.

ராணியம்மா முகச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க, ஓமலூர்ச் சந்தில் நான் பார்த்த முகம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒதுக்கிய அறை வரை நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. எழுந்ததும் முதல் வேலையாக ஒரு தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் முன்பே எழுந்து தலை முடிந்து, வெளுத்த பச்சை நூல் சேலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோயில் பக்கம் பெண்கள் குடத்தோடு கூடிவிட்ட சத்தம் கேட்டது. டீயைக் குடித்துவிட்டு, கிரீடமும் வாளும் வைத்த தகரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"சாமி, இதை எடுத்துட்டுப் போறீங்களா?"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களேம்மா."

"பஸ்ஸுக்கு இல்லீங்க. அங்க நான் அழுவறது கேக்காத தூரத்துக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. "அழப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"அழுதாத்தானுங்க தட்டு. எனக்கென்னங்க, நெனச்சா வந்துரும்." பெட்டியின் கொக்கியைச் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "அவ நேத்தே போயிட்டா, யாருகிட்டயும் எதுவும் கேக்காம. இதுல அவளை இழுக்க வேண்டாமுங்க."

எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலை நோக்கிப் போனார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். தலைவரின் ஷெட்டைக் கடக்கும்போது குலவைச் சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிறார்கள். பட்டறைக்கு வந்தபோது முதல் வரி கேட்டது. அந்தக் குரலுக்குப் பட்டறை போதாது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் மதிலோரமாக நடந்தேன். அங்கும் மெல்லியதாக வந்தது. ஆலையைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கினேன். பாதிக் காட்டில் நின்று பார்த்தேன். இலைச் சத்தம் மட்டும்தான். அதன் பிறகும் கொஞ்சம் தள்ளிப் போனேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.